தூண்டில் கம்பு வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அண்மை ஆண்டுகளில் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தின் கடற்கரைகளிலும், தாமிரபரணிப் பாசனக் குளங்களின் கரைகளிலும், விடுமுறை நாள்களில் தூண்டில் போட வரும் இளைஞர்கள் கண்கூடாகப் பெருகியிருக்கிறார்கள். கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு மணிக்கணக்காகத் தண்ணீரைக் கவனித்துக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளைகளைப் பார்ப்பதே எனக்கு நிறைவைத் தருகிறது. ஆயினும் அவர்களில் பலருடைய கையில் இருக்கும் கம்பு, அவர்கள் நிற்கும் நீருக்கோ, அந்நீரில் வாழும் மீனுக்கோ சற்றும் பொருந்தாததாக இருப்பதைத் தொடர்ந்து கண்டுவருவதால், நெடுங்காலம் தூண்டில் பிடித்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்ட கடிதம், பொறுத்தருள வேண்டுகிறேன்.

கடலோரத்தில் 100 கிராம் ஈயத்தை வீசுவதற்கென்று செய்யப்பட்ட 12 அடிக் கம்பை ஊர்க் குளத்திற்குக் கொண்டுவந்து, அதில் 5 கிராம் கூட இல்லாத தக்கையையும் மண்புழுவையும் கட்டி எறிய முயல்கிறார்கள். கம்பு அசைந்து கொடுப்பதே இல்லை. தக்கை காலடியில் விழுகிறது. இதற்கு நேர்மாறாக, குளத்து மீனுக்கு உரிய மெல்லிய 6 அடிக் கம்பில் 80 கிராம் ஈயத்தைக் கட்டிக்கொண்டு, கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவின் மேல் நின்று முழு வேகத்தில் வீசுகிறார்கள். முதல் வீச்சிலேயே கம்பு இரண்டாகிறது. இரண்டு இடங்களிலும் கம்பின் மீது குற்றமில்லை. அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு அது பயன்படுத்தப்படவில்லை, அவ்வளவுதான். விற்றவர் கேட்டிருக்கக்கூடிய ஒரே கேள்வி, “எவ்வளவு ரூபாய்க்குள் வேண்டும்?” என்பதாக இருந்திருக்கும். வாங்கியவர் தம்மைத்தாமே கேட்டிருக்க வேண்டிய கேள்வியோ வேறு: எந்த மீனை, எந்த நீரில், எவ்வளவு எடையை எறிந்து பிடிக்கப்போகிறேன்? இதற்கு விடை தெரிந்த பிறகுதான் நீளம், விலை, நிறம் எல்லாம்.

அந்த விடையைக் கம்பிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தூண்டில் இழையான நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலைப் பொருத்தும் இடத்திற்குச் சற்று மேலே, பொடி எழுத்தில் ஒரு வரி அச்சிடப்பட்டிருக்கும். “7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட், 10–20 பவுண்டு, 10–30 கிராம்” என்பது போன்ற அந்த வரியே கம்பின் ஜாதகம். அதில் உள்ள பவுண்டுக் கணக்கை, பிடிக்கக்கூடிய மீனின் எடை என்று எண்ணிக்கொள்பவர்கள் ஏராளம். அது நரம்பு அறுபடும் இழுவிசையைக் குறிக்கிறது. ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 454 கிராம். எவ்வளவு இழுத்தால் நரம்பு நழுவ வேண்டும் என்று அமைக்கும் ரீலின் இழுவைத் திருகை, நரம்பின் வலுவில் நான்கில் ஒரு பங்கிற்கோ மூன்றில் ஒரு பங்கிற்கோ அமைத்து, மீன் ஓடும்போது நரம்பை விட்டுக்கொடுக்கத் தெரிந்தவர், 20 பவுண்டு நரம்பில் அதைவிடக் கனமான மீனையும் கரை சேர்க்கலாம். தெரியாதவர் அதே நரம்பில் இரண்டு கிலோ மீனையும் இழந்துவிடலாம். கம்பில் குறித்ததைவிட மிக வலுவான நரம்பைப் போட்டுத் திருகையும் இறுக்கிவிட்டால், மீன் இழுக்கும்போது நரம்பு அறுபடுவதற்கு முன்பே கம்பு முறியும் என்பதே அந்த எண் நமக்குத் தரும் எச்சரிக்கை.

கிராம் கணக்கு அதைவிட முக்கியமானது. எறியும் பொருளின் எடை கம்பை வளைக்கிறது. வளைந்த கம்பு நிமிரும் வேகத்தில்தான் இரை பறக்கிறது. எடை குறைந்தால் கம்பு வளையாது, கூடினால் தாங்காது. 10–30 கிராம் என்று குறித்த கம்பு, 15-லிருந்து 25 கிராம் வரையில்தான் தன் முழுத் திறனையும் காட்டும். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்ட கம்புகளில் இது அவுன்ஸ் கணக்கில் இருக்கும். ஓர் அவுன்ஸ் சுமார் 28 கிராம் என்பதால் கால் அவுன்ஸ் 7 கிராம், அரை அவுன்ஸ் 14 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஜப்பானிய முறையில் செய்யப்பட்டவற்றில் பவுண்டுக்குப் பதிலாக “பி.இ. 1–2” என்பது போல எழுதியிருப்பார்கள். அது பின்னல் நரம்பின் தடிமனைக் குறிக்கும் எண், பி.இ. 1 என்றால் 0.165 மில்லிமீட்டர்.

எஞ்சியிருப்பவை வலிமையும் வளைவும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறுகள் நேர்கின்றன. அல்ட்ரா லைட், லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி என்பவை, கம்பை வளைக்க எவ்வளவு விசை தேவை என்பதைச் சொல்கின்றன. ஃபாஸ்ட், மாடரேட், ஸ்லோ என்பவை, அந்த வளைவு எங்கே நிகழ்கிறது என்பதைச் சொல்கின்றன. நுனிப் பகுதி மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட். நடுப்பகுதி வரை வளைந்தால் மாடரேட். பிடி வரை வில்லாக வளைந்தால் ஸ்லோ. எனவே வலிமை குறைந்த ஃபாஸ்ட் கம்பும் உண்டு; மிக வலிமையான ஸ்லோ கம்பும் உண்டு. இந்தப் பெயர்களுக்கு நிறுவனங்களுக்கிடையே பொது அளவுகோல் எதுவும் இல்லை. ஒருவரது மீடியம் இன்னொருவரது மீடியம் ஹெவியாக இருக்கும். அதனால் பெயரைவிடக் கிராம் கணக்கை நம்புவதே நல்லது என்பது என் கருத்து.

வாய்க்காலிலும் சிறு குளத்திலும் ஜிலேபிக் கெண்டை, சிறு கெளுத்தி பிடிக்க விரும்புபவருக்கு ரீலே தேவையில்லை. நம் ஊர்களில் காலங்காலமாகப் பயன்பட்டுவரும் மூங்கில் கம்போ, அதே வேலையைச் செய்யும், ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கும் இலேசான கம்போ, 12 முதல் 15 அடி நீளத்தில் இருந்தால் போதும். நுனியில் நரம்பைக் கட்டி, தக்கையை ஓசையின்றி நினைத்த இடத்தில் இறக்கலாம். ரீல் வைத்த கம்பால் அந்தத் துல்லியம் கிட்டாது. குழந்தைகளுக்கு முதலில் இதைக் கொடுங்கள் என்று பெற்றோர்களிடம் நான் எப்போதும் சொல்வேன்.

விரால் மீனுக்கு வந்தால் கதையே மாறுகிறது. அல்லியும் தாமரையும் பாசியும் அடர்ந்த குளத்தில், இலைகளுக்கு அடியில் பதுங்கிக் கிடக்கும் மீன் அது. மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் இயல்புடையதாகையால், நீர்ப்பரப்பின் மீது நடப்பதை எப்போதும் கவனித்துக்கொண்டிருக்கும். ஆகவே இலைகளின் மேல் தத்திச் செல்லும் ரப்பர் தவளையைக் கொண்டு அதைப் பிடிக்கிறார்கள். அந்தத் தவளையை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தால், எத்தகைய கம்பு வேண்டும் என்பது தானே விளங்கிவிடும். அதன் இரட்டை முள், இலையில் சிக்காதபடி முதுகோடு ஒட்டி மேல்நோக்கி மடங்கியிருக்கும். மீன் கடித்ததும் அந்த உள்ளீடற்ற ரப்பர் உடல் நசுங்க வேண்டும். முள் வெளியே தலைநீட்ட வேண்டும். பிறகு அது விராலின் கெட்டியான வாயில் இறங்க வேண்டும். இத்தனையும் நடந்த மறுகணமே, மீன் தண்டுகளுக்கிடையே புகுந்து சுற்றிக்கொள்வதற்குள், அதன் தலையை மேலே தூக்கியாக வேண்டும். நடுவில் குழையும் கம்பால் இது முடியாது. ஆறரை முதல் ஏழு அடி நீளமும், மீடியம் ஹெவி அல்லது ஹெவி வலிமையும், நுனி மட்டும் வளையும் ஃபாஸ்ட் தன்மையும் கொண்ட கம்பே இதற்கு ஏற்றது. நரம்பும் நீளாத பின்னல் நரம்பாக, 30 முதல் 50 பவுண்டு வரையில் இருக்க வேண்டும். ஏனெனில் சாதாரண நைலான் நரம்பு ரப்பரைப் போல நீண்டு, முள் இறங்க நாம் கொடுக்கும் வெட்டின், அதாவது திடீர் இழுப்பின், விசையைத் தானே விழுங்கிவிடும்.

இங்கே கம்பின் இரு வகைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரீல் கீழே தொங்குவது ஸ்பின்னிங்; அதில் நரம்பு கடந்து செல்லும் முதல் வளையம் பெரியதாக இருக்கும். ரீல் மேலே அமர்வது பெய்ட்காஸ்டிங். வளையங்கள் சிறியவை, பிடியில் விரல் பதிய ஒரு கொக்கி இருக்கும். விராலுக்கு இரண்டாவது வகை வசதியானது என்றாலும், உருளை சுழலும் வேகத்தைப் பெருவிரலால் கட்டுப்படுத்தப் பழகாவிட்டால் நரம்பு குருவிக்கூடு போலச் சிக்கிக்கொள்ளும். புதியவர்கள் ஸ்பின்னிங்கில் தொடங்குவதே நலம். ஒன்றுக்கு உரிய ரீலை மற்றொன்றின் கம்பில் மாட்டலாகாது.

விராலைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. செந்நிறக் குஞ்சுகள் பந்தாகத் திரண்டு மேலே வரும்போது, அவற்றின் அடியில் தாயும் தந்தையும் காவல் இருக்கும். அந்தக் கூட்டத்தின் மேல் எதை எறிந்தாலும், பகையென்று கருதி அவை பாய்ந்து கடிக்கும். அதனால் அவற்றைப் பிடிப்பது மிக எளிது. அதனாலேயே பிடிக்கக் கூடாது. காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்கள் விரைவிலேயே தின்று தீர்த்துவிடும். எவ்வளவு நல்ல கம்பு கையிலிருந்தாலும், குஞ்சுகளைக் கண்டால் வேறு இடம் தேடிச் செல்லுங்கள் என்று இளைஞர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அணைகளிலும் பெரிய ஏரிகளிலும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை இனங்களுக்காக உட்காருபவர்களுக்கு, விரால் கம்பு நேர் எதிரானது. அங்கே முள்ளில் ஏற்றப்படுவது தவிடும் மாவும் பிசைந்த உருண்டை. விறைப்பான கம்பால் வெடுக்கென்று வீசினால் உருண்டை ஒரு பக்கமும் முள் ஒரு பக்கமுமாகப் பறக்கும். 9 அல்லது 10 அடி நீளமும், நடுப்பகுதி வரை வளையும் மாடரேட் தன்மையும் உள்ள கம்பு, அந்த உருண்டையைச் சிதறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். கெண்டையின் வாய் மென்மையானது; பிடிபட்ட பிறகு நீண்ட ஓட்டம் ஓடும். அந்த ஓட்டத்தில் கம்பு வளைந்து வளைந்து கொடுத்தால்தான் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வராமல் இருக்கும். அணைகளில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். அனுமதி கேட்டுப் பெற்ற பிறகே கம்பை விரிக்க வேண்டும்.

இனிக் கடற்கரை. நீளமான கம்பு வேண்டும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் எல்லா இடங்களுக்கும் பரவியது என்று கருதுகிறேன். மணற்கரையில் நின்று வீசுபவருக்கு நீளம் உண்மையிலேயே தேவை. வீச்சின் தூரம் ஒரு காரணம். கரையில் உடையும் அலைகளுக்கு மேலாக நரம்பை உயர்த்திப் பிடிப்பது அதைவிடப் பெரிய காரணம். கம்பு தாழ்ந்திருந்தால் ஒவ்வோர் அலையும் நரம்பை அடித்து இழுத்து, ஈயத்தைப் புரட்டிக் கரைக்கே கொண்டுவந்துவிடும். ஆகவேதான் இதற்கெனச் செய்யப்படும் கம்புகள் 12 முதல் 14 அடி வரை நீண்டு, 100 முதல் 150 கிராம் ஈயத்தைத் தாங்குகின்றன. பெரிய பாறை மீன், திருக்கை மீன் போன்றவற்றை நோக்கித் தொலைவில் வீசுபவர்களுக்கு இவை உரியவை.

ஆனால் கடலென்றாலே 12 அடி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கிழங்கான் மீன் பெரும்பாலும் அலை உடையும் இடத்திற்குள்ளேயே, முழங்கால் அளவு, இடுப்பளவு நீரில் மணலைக் கிளறி மேய்ந்துகொண்டிருக்கும். அதன் வாய் சிறியது, கடியும் மெல்லியது. கனத்த 14 அடிக் கம்பின் நுனியில் அந்தக் கடி தெரியவே தெரியாது. ஈயம் விழுவதும் மீன் கூட்டத்தைத் தாண்டி அப்பால்தான். 8 அல்லது 9 அடி நீளமும், 15–30 கிராம் எறியும் திறனும், மென்மையான நுனியும் கொண்ட கம்பைப் பிடித்தவருக்கு, மீன் இரையைத் தொட்டுப் பார்ப்பதே விரலில் தெரியும். அருகருகே நின்று ஒருவர் கூடையை நிரப்புவதும் இன்னொருவர் வெறுங்கையோடு திரும்புவதும் பலமுறை இந்த ஒரு வேறுபாட்டால்தான்.

தூண்டில் வளைவுகளிலும் துறைமுகச் சுவர்களிலும் நிற்பவருக்கு அலைக்கு மேல் நரம்பை உயர்த்தும் சிக்கல் இல்லை. அவருடைய சிக்கல் கீழே கிடக்கும் பாறைகள். பிடிபட்ட விளைமீனோ களவாவோ கல் இடுக்கை நோக்கித்தான் முதலில் பாயும். கம்பின் அடிப்பகுதியில் தூக்கும் வலிமை இருக்க வேண்டும். கடைசியில் மீனைக் கற்களின் மேல் உராயாமல் கொண்டுவரச் சற்று நீளமும் வேண்டும். 9 முதல் 10 அடி, மீடியம் ஹெவி, 30–80 கிராம் என்பது இவ்விடத்திற்கு நடுநிலையான தேர்வு. ஊளி, சீலா என்று வழங்கும் மீன்கள் வரும் இடமாக இருந்தால், அவற்றின் பற்களை எண்ணி, முள்ளுக்கு மேலே சிறிது கம்பியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கழிமுகத்திலும் உப்பங்கழியிலும் கொடுவாவுக்காகச் செயற்கை இரை எறிபவர், நாள் முழுவதும் நூற்றுக்கணக்கான முறை வீசி, சுற்றி, மீண்டும் வீசுகிறார். அங்கே எடைதான் முதல் எதிரி. 7 முதல் 8 அடி நீளத்தில், கையில் இருப்பதே தெரியாத அளவுக்கு இலேசான கம்பு வேண்டும். கொடுவா நீரை விட்டு எகிறித் தலையை உதறும் மீன். முனையில் மூன்று கொக்கிகள் உள்ள முட்களைத் தாங்கிய மிதவை மீன் வகை இரைகளைப் பயன்படுத்தும்போது, மிக விறைப்பான கம்பானால் அந்த உதறலில் முள் பிய்ந்து வந்துவிடும். எனவே ஃபாஸ்டுக்கும் மாடரேட்டுக்கும் இடைப்பட்ட கம்பையே நான் பரிந்துரைப்பேன். கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்பு கத்தி போன்றது. நுனியில் ஓரிரு அடி தடித்த நரம்பு இல்லாமல் கொடுவாவை நோக்கி எறிவது வீண்.

நீளத்திற்கு நாம் கொடுக்கும் விலையைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பு நீள நீள, மீனுக்கும் நமக்கும் இடையிலான நெம்பு மீனுக்கே சாதகமாகிறது. நீண்ட துரட்டியின் நுனியில் ஒரு தேங்காயைத் தொங்கவிட்டு, அடிக்கட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தவருக்கு இது புரியும். படகில் செல்பவர்களின் கம்புகள் குட்டையாக இருப்பதற்கு இதுவே காரணம். படகிலிருந்து நேர்க்கீழே ஆழத்தில் ஜிக் என்னும் மீன் வடிவ உலோக இரையை இறக்கித் துள்ளவைக்கும் ஜிக்கிங் முறைக்கு 5 முதல் ஆறரை அடிதான். அதில் ஜிக்கின் எடையே, 100–200 கிராம் என்பது போல, கம்பின் மேல் எழுதியிருக்கும். ஓடும் படகின் பின்னால் இரையை இழுத்துச் சென்று வஞ்சிரம், சூரை, மயில்மீன் ஆகியவற்றைப் பிடிக்கும் கம்புகளும் குட்டையானவை, தடித்தவை. அவை 30, 50, 80 பவுண்டு என நரம்பின் வகுப்பைக் கொண்டே அழைக்கப்படுகின்றன. அந்தமான் கடலில் பெரும்பாறை மீனுக்காக, பாப்பர் என்னும் 100 கிராமுக்கு மேற்பட்ட செயற்கை இரைகளை எறிபவர்கள் மட்டும், படகில் நின்றாலும் ஏழரை, எட்டடிக் கம்பை வைத்திருப்பார்கள். அவர்கள் எறிய வேண்டியிருக்கிறது என்பதே அதற்குக் காரணம்.

நீலகிரியில் டிரவுட் மீன் பிடிப்பதற்கான ஃப்ளை கம்பு தனி உலகம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, அங்குள்ள குளிர்ந்த ஓடைகளில் நிலைபெற்ற மீன் அது. ஃப்ளை முறையில் எறியப்படும் இரைக்கு, அதாவது இறகும் நூலும் கொண்டு கட்டிய பூச்சிக்கு, எடையே கிடையாது. நரம்பின் எடைதான் கம்பை வளைக்கிறது. எனவே இக்கம்புகளில் கிராம் கணக்குக்குப் பதிலாக, நரம்பின் எடையைக் காட்டும் எண் குறிக்கப்படுகிறது. சிறு ஓடை டிரவுட்டுக்கு 4 அல்லது 5 எண் போதும். கம்பின் எண்ணும் நரம்பின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டும் மாறாத விதி.

என்ன பொருளால் ஆன கம்பு என்று இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடி இழை வரும்வரை, பட்டைகளாகப் பிளந்து ஒட்டிய மூங்கிலே உலகெங்கும் உயர்ந்த கம்பாகக் கருதப்பட்டது. 1960-களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் வலிமையான கார்பன் இழை உருவாக்கப்பட்டு, 1970-களில் அது தூண்டில் கம்புக்கு வந்தது. எடை குறைவு, கடி கையில் தெளிவாகத் தெரியும் என்ற இரண்டும் கார்பனின் மேன்மைகள். ஆனால் கல்லில் ஒருமுறை மோதினால் கண்ணுக்குத் தெரியாத காயம் ஏற்பட்டு, வேறொரு நாள் மீன் இழுக்கும்போது அதே இடத்தில் முறியும். கண்ணாடி இழை கனமானது. அடி தாங்கும், முரட்டுக் கைக்கும் ஈடுகொடுக்கும். கார்பன் அல்லாதது மட்டமானது என்று கடைகளில் சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. பாறைகளில் நிற்பவருக்கும், படகில் செல்பவருக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும் கண்ணாடி இழையோ, இரண்டும் கலந்ததோ பல ஆண்டுகள் உழைக்கும்.

கடையில் பார்க்க வேண்டியவை சில உண்டு. முதலில் சிறிது பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் மெல்லச் சுற்றித் தேய்த்துப் பாருங்கள். பஞ்சின் ஓர் இழை எங்காவது மாட்டி நின்றால், அங்கே வெறுங்கண்ணுக்குத் தெரியாத கீறலோ பிசிறோ இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் நரம்பு நாள்தோறும் அராவப்பட்டு, பெரிய மீன் வரும் நாளில் அறுந்துபோகும். பின்னல் நரம்பு போடப்போகிறவர்கள், வளையத்தின் உள்ளே கடினமான பீங்கான் வளையம் பதித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மலிவான உலோக வளையத்தில் அந்நரம்பு நாளடைவில் பள்ளம் பறித்துவிடும். அடுத்து, கம்பை முழுமையாகப் பொருத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடியிலிருந்து நுனி வரை நோக்கினால், வளையங்கள் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பது தெரியும். வளைவைச் சோதிக்க நுனியைக் கையால் பிடித்து வளைக்கக் கூடாது; கார்பன் நுனி ஒடிந்துவிடும். ரீலை மாட்டி, நரம்பை வளையங்களின் வழியே கோத்து, ஒருவரை நரம்பின் முனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மெதுவாக உயர்த்துங்கள். கம்பு எங்கே வளைகிறது என்பதை அப்போது கண்ணாரக் காணலாம்.

இணையத்தில் ரீல், நரம்பு, இரை எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் விற்கப்படும் மடக்குக் கம்புகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் விடை இது: பயணத்தில் எடுத்துச் செல்ல வசதி என்பதற்கு மேல் அவற்றிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். இணைப்புகள் மிகுந்திருப்பதால் வளைவு சீராக இருப்பதில்லை; கடற்கரையில் மணல் புகுந்தால் இணைப்புகள் இறுகிக்கொள்ளும். இரண்டு துண்டுகளாகப் பிரியும் கம்பே ஒரு தொடக்கக்காரருக்கு நல்லது. குளத்திற்கும் கழிமுகத்திற்கும் பொதுவாக ஒரே கம்பு வாங்கத்தான் வசதி இருக்கிறது என்பவருக்கு, 7 அடி, மீடியம், 7–21 கிராம், ஸ்பின்னிங் என்று சொல்வேன். அது அடர்ந்த பாசியில் விராலுக்கும், அலைவீசும் கரைக்கும் உதவாது. மற்ற பல இடங்களில் கைகொடுக்கும். கடலில் பயன்படுத்திய எந்தக் கம்பையும் அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும்.

இக்கடிதத்தை எழுதத் தூண்டிய முதன்மையான கவலையை இப்போது சொல்கிறேன். கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். நம் குளக்கரைகள், வாய்க்கால் கரைகள் பலவற்றின் மேல் மின்கம்பிகள் செல்கின்றன. வயல்வெளிகளில் அவை தாழத் தொங்குவதும் உண்டு. 12 அடிக் கம்பை நிமிர்த்திப் பிடித்தபடி கரையில் நடந்து செல்லும் பிள்ளையின் தலைக்கு மேல் கம்பின் நுனி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். உயர் அழுத்தக் கம்பியாக இருந்தால் தொட வேண்டும் என்பதில்லை, நெருங்கினாலே மின்சாரம் பாயக்கூடும். நனைந்த நரம்பும் நனைந்த மூங்கிலும்கூட ஆபத்தானவையே. பிரிட்டனில் மின்கம்பிகளிலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்றே தூண்டில் போட வேண்டும் என்று அறிவுறுத்துகிறார்கள். நீர்நிலைகளின் ஓரம் எச்சரிக்கைப் பலகைகளும் வைக்கிறார்கள். நம் ஊர்க் கரைகளில் அப்படிப்பட்ட பலகை ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. இடி மின்னல் நேரத்திலும் இதே ஆபத்து உண்டு. வானம் இருண்டு முதல் இடி கேட்டதுமே கம்பைத் தரையில் கிடத்திவிட்டு, திறந்தவெளியை விட்டு அகன்றுவிட வேண்டும். குளம் மாறும்போது கம்பைப் பிரித்து, இரு துண்டுகளையும் சேர்த்துக் கட்டி, படுக்கைவாட்டில் எடுத்துச் செல்லும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு முதல் நாளிலேயே கற்றுத்தர வேண்டும்.

எனவே தங்கள் நாளிதழின் வாயிலாக மூன்று தரப்பினரிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். தமிழ்நாட்டில் கம்பு விற்கும் கடைக்காரர்களும் இணைய விற்பனையாளர்களும், எறியும் எடை, நரம்பின் வலு, எந்த நீருக்கு உரியது ஆகிய விவரங்களைத் தமிழில் ஒரு சிறு சீட்டாக அச்சிட்டு ஒவ்வொரு கம்போடும் தர வேண்டும். மின்கம்பி பற்றிய எச்சரிக்கையும் அதில் இடம்பெற வேண்டும். மக்கள் தூண்டில் போடும் நீர்நிலைகளில், மின்கம்பிகள் கடக்கும் இடங்களை அடையாளம் கண்டு, மின்வாரியமும் உள்ளாட்சி அமைப்புகளும் எச்சரிக்கைப் பலகைகளை நிறுவ வேண்டும். கோடை விடுமுறை தொடங்குவதற்கு முன்னர், அந்தந்த மாவட்டத்தின் நீர்நிலைகளையும் மீன்களையும் நன்கறிந்த மீனவர்களிடம் கேட்டு, எங்கே எந்தக் கம்பு பொருந்தும் என்பதைத் தங்கள் நாளிதழ் மாவட்டப் பக்கங்களில் வெளியிட வேண்டும். எங்கள் மாவட்டத்தின் கரையோரங்களைப் பொறுத்தவரை, எனக்குத் தெரிந்ததை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் வாசகர்,
தூத்துக்குடி.